பழைய ஓஸ்டர்ரைஷ்ரிங்கை இன்றைய கார்களுக்கு ஏற்ப மாற்றுகிறேன்: போஷ் வளைவில் கை வைக்கலாமா?

மூன்றாம்கியர் (கேள்வி)

அசெட்டோ கோர்ஸா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டுக்காக ஆஸ்திரியாவின் பழைய ஓஸ்டர்ரைஷ்ரிங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1970 முதல் 1987 வரை ஃபார்முலா 1 ஓடிய அந்தப் பெரிய தடம்தான். ஆனால் அச்சு அசலான நகல் என் நோக்கம் இல்லை. 1996இல் ஹெர்மன் டில்கே அதைச் சுமார் 4.3 கிலோமீட்டர் ஏ1-ரிங்காகச் சுருக்கியபோது மேற்குப் பக்கம் அப்படியே கழன்றுபோனது. சுருக்காமல், பழைய நீளத்தை வைத்துக்கொண்டே புதுப்பித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதைத்தான் செய்து பார்க்க ஆசை. ஜிடி3 கார்கள் (சாலைக் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார்கள்), ஆன்லைனில் 24 பேர் ஓடுகிற மாதிரி.

மலைக்கு ஆஸ்திரியாவின் திறந்த தரவில் கிடைக்கும் 10 மீட்டர் இடைவெளி உயரத் தரவைப் போட்டிருக்கிறேன். மலை வந்துவிட்டது. சாலையை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தனியாக வளைத்து அதன் மேல் படுக்க வைத்திருக்கிறேன்.

சிக்கல் போஷ் வளைவில்தான். சரிவில் இறங்கிக்கொண்டே வலப்பக்கம் கிட்டத்தட்ட அரைவட்டம் திரும்ப வேண்டும், பேங்கிங் (உட்பக்கம் நோக்கிய சாலைச் சாய்வு) உண்டு, வெளிப்பக்கம் ஆர்ம்கோ எஃகுத் தடுப்பு ஒட்டியே நிற்கிறது. சோதனைக்கு வந்த நண்பர்களில் பாதிப் பேர் முதல் சுற்றிலேயே அதில் போய் முட்டுகிறார்கள். மூன்று யோசனைகள் இருக்கின்றன: முன்னால் ஒரு சிகேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் குறுகிய நெளிவு) வைப்பது, வளைவையே இறுக்கி வேகத்தைக் குறைப்பது, அல்லது வெளியே அகலமாகத் தார் ரன்ஆஃப் (தடம் தவறும் கார் ஓடி நிற்க இடம்) போடுவது. எனக்கு மூன்றுமே உறுத்துகின்றன. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மேட்டுவளைவு

மூன்றையும் செய்யாதீர்கள் நண்பரே.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். நிஜத்தில் இந்தத் தடத்தை ஏன் மாற்றினார்கள்? 1975இல் முதல் வளைவான ஃபொயஸ்ட் ஹ்யூகலில் மார்க் டோனஹ்யூவின் டயர் போய், கார் தடுப்புகளைத் தாண்டிப் பறந்தது. அந்தக் காயத்தால் சில நாளில் அவர் இறந்தார். ஒரு மார்ஷலும் (தடப் பணியாளர்) இறந்தார். 1977இல் அதே இடத்தில் ஹெல்லா லிஹ்ட் சிகேன் வந்தது. தடத்தின் நீளம் 5.911 கிலோமீட்டரிலிருந்து 5.942 ஆனது. 1987இல் தகுதிச் சுற்றில் நெல்சன் பிக்கே மணிக்கு 256 கிலோமீட்டருக்கு மேலான சராசரியில் முதலிடம் பிடித்தார். அந்த வேகத்துக்கு அந்தத் தடுப்புகள் தாங்காது. உயிர் போகும் என்பதற்காக வெட்டினார்கள், அது முழுக்க நியாயம்.

உங்கள் தடத்தில் யாரும் சாகப் போவதில்லை. அதனால் பாதுகாப்புக்காக வந்த தீர்வுகளை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு இருக்கும் பிரச்சினைகள் வேறு: 24 கார்கள் முதல் வளைவில் நெரிசல் இல்லாமல் நுழைய வேண்டும், எங்காவது ஓரிடத்தில் முந்த வழி வேண்டும், தடத்தை விட்டு வெளியே போய் நேரம் மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றுக்காக மட்டும் மண்வெட்டியை எடுங்கள்.

இப்போது போஷ். அகலப்படுத்தினால் எளிதாகிவிடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சாலை அகலமானால் ஓட்டும் கோட்டின் ஆரம் பெரிதாகும், கார்கள் இன்னும் வேகமாக வரும், முட்டும்போது இன்னும் பலமாக முட்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ புதிய நிரந்தரத் தடங்களுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 12 மீட்டர். போஷில் அதோடு நில்லுங்கள். அகலப்படுத்தும்போது பேங்கிங்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரி சாய்வில் வெளிப்பக்கம் 4 மீட்டர் நீட்டினால் ஓரம் 35 சென்டிமீட்டர் உயரும். அந்த உயரத்தை வெளியே உள்ள மண்ணோடு சேர்க்காவிட்டால் அங்கே ஒரு படி உருவாகி, வெளியே போகும் கார் எகிறும்.

தடுப்பு விஷயத்தில் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். பிரேக்கைத் தவறவிட்ட கார் எங்கே போகும்? நேரே. அதாவது இறங்கி வரும்போது கண்ணுக்கு எதிரே தெரிகிற முதல் மூன்றில் ஒரு பங்குத் தடுப்பில்தான் முழு வேகத்தில் அடிக்கும். அதை மட்டும் 40 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். நடுவில் சரளை போடுங்கள், தார் வேண்டாம். தார் போட்டால் இரண்டாவது வாரமே அது சாலையின் ஒரு பகுதியாகிவிடும். வளைவு முடிகிற பக்கத்தில் கார்கள் சறுக்கிப் போய் உரசும், அவ்வளவுதான். அங்கே தடுப்பைப் பழைய இடத்திலேயே விடுங்கள். அந்த வளைவில் வயிற்றைப் பிசைவது அந்தத் தடுப்பு பக்கத்தில் இருப்பதுதான். அதை எடுத்துவிட்டால் அதற்கு போஷ் என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று, இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 10 மீட்டர் தரவு மலைக்குப் போதும், மேட்டின் உச்சிக்குப் போதாது. ஃபொயஸ்ட் ஹ்யூகல் மாதிரி மேட்டில் திரும்புகிற இடத்தில் மேட்டின் ஆரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆரம் 1000 மீட்டர் என்றால், மணிக்கு 250 கிலோமீட்டரில் காரின் எடையில் கிட்டத்தட்ட பாதி டயரை விட்டுப் போய்விடும். 500 மீட்டர் என்றால் மொத்தமும் போய்விடும், மிஞ்சுவது டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) மட்டும்தான். திரையில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உச்சியை ஒரு முறை மழுக்கினால், அந்த வளைவு வெறும் வலது திருப்பமாகிவிடும். அதோடு நீங்கள் எடுத்திருப்பது இன்றைய நிலம். 1996 வேலையில் மண் நகர்ந்த இடங்களில் பழைய உயரம் அதில் இருக்காது. காரிலிருந்தே எடுத்த பழைய ஆன்போர்டு வீடியோக்களை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். சாலை எந்த இடத்தில் கண்ணிலிருந்து மறைகிறது, எந்த இடத்தில் மரங்களின் அடிப்பகுதி மறுபடி தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, பிளெண்டரில் அதே உயரத்தில் கேமராவை வைத்து ஒப்பிடுங்கள். மறைகிற இடம் பொருந்தினால் உச்சி சரி.

வால்காற்று

மேட்டுவளைவு அண்ணா சொன்னதில் தடுப்பு பற்றியது அருமை. நான் ஆன்லைன் பந்தயங்கள் நடத்துகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

போஷை விடுங்கள், உங்களுக்கு முதல் பிரச்சினை தொடக்கக் கோடு. 1987இல் அங்கே இரண்டு முறை தொடங்கியதுமே மோதல், மூன்றாவது முறைதான் பந்தயம் ஓடியது. கிரிட் (தொடக்கத்தில் கார்கள் வரிசையாக நிற்கும் இடம்) இருந்த நேர்ப்பாதை குறுகல் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். இன்றைய விதிப்படி கிரிட்டில் 15 மீட்டர் வேண்டும். அதைக் கொடுங்கள். ஆனால் முதல் வளைவுக்குள் நுழையும்போது திடீரென்று 12க்குச் சுருக்காதீர்கள். மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் மேடேறி வந்து, இரண்டு பேருக்கு இடம் இருக்கிற வாய்க்குள் நுழைவார்கள். வளைவு முடிந்த பிறகு மெதுவாகச் சுருக்குங்கள்.

முந்தும் இடத்துக்கு டாக்டர் டிரோக் வளைவை இறுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம், நிறைய பேர் அதைத்தான் செய்வார்கள். வேண்டாம். அதற்கு அடுத்துதான் போஷ் வருகிறது. டிரோக்கிலிருந்து மெதுவாகக் கிளம்பினால் போஷுக்கு வந்து சேரும் வேகம் செத்துப்போகும். கடைசி ரிண்ட் வளைவையும் தொடாதீர்கள். 1982இல் எலியோ டி ஆஞ்செலிஸ் கேகே ராஸ்பெர்க்கை 0.05 விநாடியில் ஜெயித்தது அங்கிருந்து கோடு வரை நடந்த ஓட்டத்தில்தான். ரிண்ட் வளைவு வேகமாக இருந்தால்தான் கோட்டுக்கு முன் அப்படி ஒரு முடிவு நடக்கும்.

மூன்றாம்கியர்

இருவருக்கும் மிக்க நன்றி. தடுப்பை இரண்டு விதமாக வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே மாற்றுகிறேன்.

அப்படியானால் பிரேக் பிடித்து முந்துவதற்கு மிஞ்சுவது ஹெல்லா லிஹ்ட் மட்டும்தானே? அங்கே 1976இன் வேகமான வளைவை வைப்பதா, 1977இன் சிகேனை வைப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. மனசு 76 பக்கம் போகிறது. அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங்கில் ஒரு சீரான அதிர்வு வருகிறது, டயர் தட்டையானது போல. சாலை பார்க்க வழுவழுப்பாகத்தான் இருக்கிறது.

மேட்டுவளைவு

அதிர்வுக்குக் காரணம் உங்கள் மெஷ், அதாவது சாலைப் பரப்பை உருவாக்கும் தட்டைத் துண்டுகளின் வலை. கண்ணுக்குத் தெரியும் சாலை வேறு, கார் உண்மையில் உருளும் பௌதிக மெஷ் வேறு. இரண்டாவதில் துண்டுகள் 5 மீட்டர் நீளம் என்றால், மணிக்கு 200 கிலோமீட்டரில் டயர் ஒரு விநாடிக்கு 11 மடிப்புகளைக் கடக்கிறது. அதைத்தான் கை உணர்கிறது. பௌதிக மெஷை மட்டும் நெருக்கமாக்குங்கள், உச்சிகளிலும் போஷிலும் 1 மீட்டருக்கும் கீழே கொண்டுபோங்கள். பார்வை மெஷ் அப்படியே இருக்கட்டும், ஃபிரேம் ரேட் அடிவாங்காது. மடிப்புகள் போன பிறகு தடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதுவும் பொய். சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒழுங்கில்லாத சிறு மேடுபள்ளங்களைத் தூவுங்கள், பிரேக் பிடிக்கும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாக.

ஹெல்லா லிஹ்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், முந்தும் இடம் அதுதான். அதற்குப் பிறகு நீண்ட நேர்ப்பாதை வருகிறது, இழந்த வேகம் டிரோக்குக்கு முன்பே திரும்பிவிடும், போஷுக்குச் சேதம் இல்லை. ஆனால் 77இன் சிகேனை வைக்காதீர்கள். இடது வலது என்று அது இரண்டு முறை ஒடிக்கிறது, ஜிடி3 கார்கள் கர்ப் (சாலையோர மேட்டு விளிம்பு) மேல் ஏறி நேராக வெட்டிக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வலது வளைவு, நுழைவு அகலமாக, வெளியேற்றம் 76இன் பழைய சாலையோடு போய்ச் சேருகிற மாதிரி. பிரேக் பிடிக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏபெக்ஸ் (வளைவில் கார் உட்பக்க ஓரத்தைத் தொடும் புள்ளி) மட்டும் உச்சிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். பழைய ஃபொயஸ்ட் ஹ்யூகலின் பயமும் கிடைக்கும், முந்தவும் முடியும்.

வால்காற்று

இது சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும்: அந்த வளைவின் வெளிப்பக்கத்துக்கு சர்ஃபேஸ் ஃபைலில் (எந்தப் பரப்பு எப்படிப்பட்டது என்று விளையாட்டுக்குச் சொல்லும் கோப்பு) தனிப் பெயர் கொடுத்து, 'செல்லுபடியாகும் தடம்' என்பதை 0 என்று வைத்துவிடுங்கள். அகலமாக வெளியே போய் வேகம் சேர்க்க ஆள் கட்டாயம் வருவார்கள். சாலையின் வடிவம் உறுதியான பிறகு மட்டும் ஏஐ கோட்டை (கணினி ஓட்டும் கார்கள் பின்பற்றும் பாதை) பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி முழுச் சுற்று ஓட்ட வேண்டிவரும். புது வளைவு தயாரானதும் ஃபைலைப் போடுங்கள், 24 பேரை நான் கூட்டி வருகிறேன்.