ஜிசிசி 14 வந்ததும் பழைய பேக்கேஜ் பில்ட் ஆகவில்லை: ஃப்ளாக் போதுமா, கோடைத் திருத்த வேண்டுமா?

கயல்:
லாக் ஃபைல்களைத் தேதிவாரியாகப் பிரித்துத் தரும் பழைய சி நிரல் ஒன்றை சோர்ஸிலிருந்து பில்ட் செய்து வைத்திருக்கிறேன். கம்பைலர் ஜிசிசி 13 இருந்தவரை வார்னிங் மட்டும் கொட்டும், பில்ட் முடிந்துவிடும். இப்போது சிஸ்டம் அப்டேட்டில் ஜிசிசி 14 வந்துவிட்டது, பில்டை நடத்தும் மேக் பாதியிலேயே நிற்கிறது. எட்டு ஜாப் கொடுத்து ஓட்டினேன், கடைசி வரியில் "எரர் 1" என்று மட்டும் இருக்கிறது. ராம் போதவில்லையா?

வேலன்_சி:
ராம் தீர்ந்திருந்தால் கெர்னல் கம்பைலரையே கொன்றிருக்கும், அவுட்புட்டில் "கில்டு" என்ற சொல் இருக்கும், கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜிலும் தெரியும். நீங்கள் பார்த்த கடைசி வரி மேக் தன் பங்குக்குச் சொல்வது, அதில் காரணம் இருக்காது. எட்டு ஜாப் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று தோற்றாலும் மற்றவை கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் நிற்கும், அதனால் உண்மையான எரர் எங்கோ மேலே போய்விடும். ஒரே ஜாபில் ஓட்டி, அவுட்புட் முழுவதையும் ஒரு ஃபைலில் போட்டு, முதல் எரர் எது என்று தேடுங்கள். இரண்டாவது எரரைப் படிக்கவே வேண்டாம்.

கயல்:
கிடைத்தது. தேதியைப் படிக்கும் எஸ்டிஆர்பிடைம் ஃபங்ஷனுக்கு "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்" என்கிறது, அதாவது முன்கூட்டி அறிவிக்காமல் கூப்பிடுகிறாய் என்று. அடுத்த வரியிலேயே இன்டிஜரிலிருந்து பாயின்டர் உருவாக்குகிறாய் என்று இன்னொன்று.

துரை:
அவ்வளவுதானா? பில்டுக்கு முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டும்போது, கம்பைலருக்கு ஃப்ளாக் கொடுக்கும் சிஃப்ளாக்ஸில் எஃப்பெர்மிசிவ் சேர்த்துவிடுங்கள். ஜிசிசி 14 எரராக்கிய இந்த வகை எல்லாம் மறுபடி வார்னிங்காக மாறிவிடும். நேற்றுவரை ஓடிய நிரல்தானே, அதன் கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கம்பைலர்தான் கண்டிப்பாகிவிட்டது.

வேலன்_சி:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிக்ளரேஷன் இல்லாமல் ஃபங்ஷனைக் கூப்பிடுவதை 1999ல் வந்த சி99 தரத்திலேயே நீக்கிவிட்டார்கள், ஜிசிசிதான் 2024 வரை வார்னிங்கோடு விட்டுவைத்தது. இங்கே என்ன நடக்கிறது பாருங்கள். எஸ்டிஆர்பிடைம் திருப்பித் தருவது ஒரு பாயின்டர், அதாவது தேதியைப் படித்து முடித்த இடத்தின் முகவரி. டிக்ளரேஷன் இல்லையென்றால் கம்பைலர் அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் சிஸ்டத்தில் முகவரி 64 பிட், இன்ட் 32 பிட். மேல்பாதி போய்விடும். மிச்சத்தை முகவரி என்று நினைத்து நிரல் படிக்கப் போனால் செக்ஃபால்ட், தொடக்கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுந்துவிடும். பில்ட் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, ஓடும்போது விழுவதைத்தான் துரை வாங்கித் தருகிறார்.

துரை:
அப்படியானால் ஜிசிசி 13ல் எப்படி ஓடியது? திரும்பி வந்தது நல் பாயின்டரா, அதாவது எதையும் காட்டாத காலி முகவரியா, என்று மட்டும் பார்க்கும் கோடாக இருந்தால் மேல்பாதி போனாலும் ஒன்றும் ஆகாது. கயல் அந்த நிரலை எழுதியவர் இல்லை, லாக் பிரிக்க வேண்டியவர். எல்லோரையும் சி படித்துவிட்டு வா என்று சொல்ல முடியுமா? சோர்ஸை மட்டும் திருத்தினால் போதும் என்கிறீர்களே, பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளின் சோதனைக் கோடில் மெயினுக்கு முன்னால் இன்ட்கூட இருக்காது. ஜிசிசி 14ல் அந்தச் சோதனையே கம்பைல் ஆகாமல் "இல்லை" என்று பதில் வரும், ஒரு வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். எரரே வராது. என் ஃப்ளாக் போட்டால் கான்ஃபிகர் பழைய பதிலையே தரும்.

வேலன்_சி:
கான்ஃபிகர் விஷயம் சரியான பாயின்ட், மறுக்கவில்லை. ஆனால் நல் பாயின்டரா என்று மட்டும் பார்க்கிறதா என்பதைக் கோடைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? கயல், எஸ்டிஆர்பிடைம் என்ற பெயரை கோடில் கிரெப் செய்து தேடிச் சொல்லுங்கள்.

கயல்:
இரண்டு இடம். ஒன்றில் நல் சோதனை மட்டும். இன்னொன்றில் திரும்பி வந்த பாயின்டர் காட்டும் எழுத்து காலி இடமா என்று பார்க்கிறது, நேர மண்டலம் சேர்ந்த லாக் வரிகளுக்கு மட்டும் அந்தப் பாதை. சில லாக்குகளைக் கொடுத்தால் மட்டும் இந்த நிரல் முன்பிருந்தே செக்ஃபால்ட் ஆகும், ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவை எல்லாமே நேர மண்டலம் உள்ளவை.

நிலா:
ஃப்ளாக்கா கோடா என்று அடித்துக்கொள்வதில் ஒன்று விட்டுப்போகிறது. ஃப்ளாக் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஜிசிசி 10ல் நோ-காமன் டிஃபால்ட் ஆனதும் ஒரே குளோபல் வேரியபிள் பல ஃபைலில் இருக்கிறது என்று லிங்க்கர் நின்றது, அதற்கு எஃப்காமன் போட்டால் பழைய நடத்தை அப்படியே திரும்பும். ஜிசிசி 15 டிஃபால்டாக சி23க்குப் போனதற்கு க்னூ17 என்று தரத்தைக் குறிப்பிடுவதும் அதே போலத்தான், கோட் எந்தக் காலத்துக்கு எழுதப்பட்டதோ அந்த அர்த்தத்தில் படிக்கச் சொல்கிறோம். இவற்றை நான் தயங்காமல் போடுவேன். எஃப்பெர்மிசிவ் வேறு ஜாதி, தப்பைத் தப்பாகவே வைத்து வாயை மட்டும் அடைக்கிறது.

இங்கே சோர்ஸைத் தொடவே வேண்டியதில்லை. எஸ்டிஆர்பிடைமின் டிக்ளரேஷன் டைம் ஹெடரில்தான் இருக்கிறது, எக்ஸ்-ஓபன் சோர்ஸ் அல்லது க்னூ சோர்ஸ் மேக்ரோ இல்லாவிட்டால் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைக் காட்டாது, அவ்வளவுதான். சிஃப்ளாக்ஸில் க்னூ சோர்ஸை டிஃபைன் செய்யுங்கள். கூடவே ஆப்டிமைசேஷனுக்கான ஓ2வும் டீபக் தகவலுக்கான ஜியும் சேர்த்துக் கொடுங்கள், நீங்களாக சிஃப்ளாக்ஸ் கொடுத்தால் கான்ஃபிகர் வழக்கமாகப் போடும் அவை இரண்டும் போய்விடும்.

துரை:
இதுவும் ஃப்ளாக்தானே, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடும் நிரலுக்கு எஃப்பெர்மிசிவ் போடுவதை மட்டும் விடமாட்டேன்.

வேலன்_சி:
ஒரு தடவை ஓடுவதும் தப்பான விடையைத் தரலாம், அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. கயல், மேக்ரோவைச் சோர்ஸிலும் முதல் இன்க்ளூடுக்கு முன்னால் போட்டு பேட்சாக அனுப்புங்கள், அடுத்தவருக்கும் உதவும்.

கயல்:
பில்ட் ஆகிவிட்டது, ஒதுக்கி வைத்த லாக்குகளும் ஓடுகின்றன. துரை சொன்னதற்காக பழைய பில்டின் கான்ஃபிக் ஹெடரையும் புதியதையும் டிஃப் செய்து ஒப்பிட்டேன். ஜிசிப் ஆதரவு புதியதில் காணோம். கான்ஃபிக் லாக்கில் ஜிசிப்புக்குத் தேவையான ஜெட்லிப் லைப்ரரி சோதனைக்குக் கீழே மெயினுக்கு டைப் இல்லை என்ற எரர்.

நிலா:
ஆட்டோரீகான்ஃபை ஃபோர்ஸ், இன்ஸ்டால் ஆப்ஷன்கள் இரண்டோடும் ஓட்டி கான்ஃபிகர் ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்குங்கள். அப்புறமும் "இல்லை" என்றே வந்தால் அந்தச் சோதனை, ஸ்கிரிப்டின் மூல ஃபைலான கான்ஃபிகர் ஏசியில் கையால் எழுதியது. மெயினுக்கு முன்னால் இன்ட் சேர்த்து, அதையும் அதே பேட்சில் போட்டுவிடுங்கள்.