முட்டி வலி அம்மாவோட மலை நடை: எங்க போகலாம்?

கேள்வி: நாங்க ஹட்டன் பக்கம், அடுத்த மாசம் லீவுல குடும்பத்தோட ரெண்டு நாள் நடக்கப் போகலாம்னு பிளான், அம்மாவுக்கு முட்டி வலி, சின்னவனுக்கு ஆறு வயசு, தம்பிக்கு மட்டும் செங்குத்தா ஏறணும். எல்லாருக்கும் சரியா வர்ற இடம் இருக்கா?

பதில்: அப்புத்தளைக்குப் போங்க. தம்பேதென்ன ஃபேக்டரியிலிருந்து லிப்டன் சீட்டுங்கிற மலை வியூ பாயிண்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிட்ட, தேயிலைக்கு நடுவுலயே ரோடு போகுது. அம்மாவ த்ரீவீலர்ல மேல ஏத்திவிட்டு நீங்க நடங்க, இறங்கும்போது ஆசைப்பட்டா கொஞ்ச தூரம் அவங்களும் நடக்கட்டும். விடியக்காலையிலயே போயிருங்க, பத்து மணிக்கு மேல பனி மூடிருச்சுனா வெள்ளையத் தவிர ஒண்ணும் தெரியாது.

பதில்: ஹோர்டன் சமவெளி சுத்து 9 கிலோமீட்டர். பெரும்பாலும் சமமாத்தான் இருக்கும், ஆனா பேக்கர்ஸ் ஃபால்ஸ்கிட்ட பாறையும் படியுமா இறங்கணும், எங்க அத்தை அங்க என் தோளப் பிடிச்சு பிடிச்சு இறங்கி முக்கால் மணி நேரம் போச்சு, அம்மாவுக்கு வேணாம். கேட்ல பையைத் திறந்து பாலித்தீன் எல்லாம் எடுத்துருவாங்க, சோத்தை டப்பாவுல கட்டுங்க.

பதில்: தம்பிக்கு எல்ல ஊர்ல இருக்கிற எல்ல ராக் மலை. சின்னவனுக்கு அங்கயே இருக்கிற லிட்டில் ஆடம்ஸ் பீக் போதும், 1141 மீட்டர்தான், கடைசியில மட்டும் படி. மழை பேஞ்சிருந்தா காட்டுப் பக்கம் அட்டை ஏறும், சாக்ஸ்ல சவுக்காரம் தேச்சுக்கோங்க.

கேள்வி கேட்டவர்: அப்ப அப்புத்தளைதான். அம்மா இப்பவே ரொட்டியும் சம்பலும்னு ஆரம்பிச்சிட்டாங்க 😄