'பானி கேட்' ரீல்: ஓ'நீல் புத்தகமா, கோல்மன் தட்டா?

வில்லும்கையும்:
வயலினில் ஐரிஷ் ரீல் (வேகமான நடன மெட்டு) பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது 'பானி கேட்' (Bonny Kate). என்னிடம் இரண்டு வடிவம் இருக்கிறது. ஒன்று, ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் சிகாகோவில் வெளியிட்ட 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பில் உள்ள நொட்டேஷன் (ஸ்வரக் குறிப்பு). இன்னொன்று, வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1934-இல் நியூயார்க்கில் வாசித்த 78 சுற்று இசைத்தட்டின் நகல். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் பள்ளிக்கூடப் பயிற்சி மாதிரி இருக்கிறது. தட்டைக் கேட்டால் இது அதே மெட்டுதானா என்று சந்தேகம் வருகிறது. எது மூலம்?

பழையதட்டு:
தட்டுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோல்மன் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்துக் கிலாவில்காரர், 1914-இல் அமெரிக்கா போனவர். ஒரு பகுதி திரும்பி வரும்போதெல்லாம் எதையாவது மாற்றிவிடுவார், ஆனால் மெட்டு கையை விட்டுப் போகாது. ஓ'நீல் புத்தகம் எப்படி உருவானது தெரியுமா? சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த அவருக்கு நொட்டேஷன் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொருவர். வில் எங்கே திரும்பியது என்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. வெறும் எலும்புக்கூடு.

ஏட்டுச்சுரைக்காய்:
அவர் மூலத்தைக் கேட்டார், நீங்கள் ரசனையைச் சொல்கிறீர்கள். மூலம் இந்த இரண்டுமே இல்லை. இது ஸ்காட்லாந்து மெட்டு. பெர்த்ஷயர்காரரான டேனியல் டவ் 18-ஆம் நூற்றாண்டில் அச்சிட்டபோது இதன் பெயர் 'பானி லாஸ் ஆஃப் ஃபிஷர்ரோ'. ஃபிஷர்ரோ என்பது எடின்பரோவுக்குக் கிழக்கே மசல்பரோவை ஒட்டிய மீன்பிடித் துறை. அந்தத் துறைமுகத்துப் பெண்தான் கடல் தாண்டி அயர்லாந்துக்கு வந்து கேட் ஆகியிருக்கிறாள். கோல்மன் இதோடு சேர்த்து வாசிக்கும் 'ஜென்னிஸ் சிக்கன்ஸ்' கதையும் இதேதான், அது ஸ்காட்லாந்தின் 'ஸ்லீப்பி மேகி'. காகிதம் இல்லாவிட்டால் இரண்டையும் ஸ்லைகோ சொத்து என்றே நினைத்திருப்போம். தட்டா இதைச் சொன்னது?

பழையதட்டு:
யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறீர்கள், சரி. ஆனால் டவ் அச்சிட்டதை இன்று யார் வாசிக்கிறார்கள்? ஐரிஷ் செஷனில், அதாவது கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடத்தில், 'பானி கேட்' என்று சொல்லிவிட்டு வில்லைத் தூக்குகிறவர் காதில் ஓடுவது கோல்மன்தான்.

ஏட்டுச்சுரைக்காய்:
எனக்கு உறுத்துவதே அதுதான். அமெரிக்காவிலிருந்து தட்டுகள் அயர்லாந்துக்கு வந்தன. கேட்ட இளைஞர்கள் தங்கள் ஊர் வில்வீச்சை விட்டுவிட்டு ஸ்லைகோ பாணிக்குத் தாவினார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், ஸ்டூடியோ, பேர் வாங்க வேண்டிய கட்டாயம். ஆடுகிறவர்கள் முன்னால் அதே மனிதர் எப்படி வாசித்திருப்பார்? அதை அந்தத் தட்டு காட்டாது.

இன்னொன்று. முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாக்ஷி' நோட்டுஸ்வரம் (மேல்நாட்டு மெட்டில் அமைத்த பாட்டு), அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ ஊர்ப் பெயர் தாங்கிய 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' மெட்டில் அமைந்தது. தீட்சிதர் மறைந்தது 1835. எடிசன் ஃபோனோகிராஃப் 1877. அதைத் தேட எந்தத் தட்டைப் போடுவீர்கள்?

பழையதட்டு:
நோட்டுஸ்வரம் ஏட்டில் மட்டுமா வந்தது? சீடர்கள் பாடிப் பாடி வந்தது ஐயா. அதுவும் காதுதான்!

சுருதிப்பெட்டி:
சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கணக்கு. 78-இல் சுற்ற வேண்டிய தட்டை 82 அல்லது 83-இல் சுற்றவிட்டால் சுருதி ஏறத்தாழ அரை ஸ்வரம் ஏறிவிடும், 'டி' (D) ஸ்வரம் 'ஈ ஃப்ளாட்' (E flat) ஆகிவிடும். அதனால் நகலில் கேட்பதை அப்படியே எழுதாதீர்கள். திறந்த தந்தி எங்கே ஒலிக்கிறது என்று கவனியுங்கள், விரல் வைக்காத தந்தியின் நாதம் தனியாகத் தெரியும். 'டி' தந்தி 'டி'க்கு மேலே கேட்டால், ஒன்று தட்டு வேகமாக ஓடுகிறது, இல்லை அவர் தந்தியை ஏற்றிக் கட்டியிருக்கிறார்.

அப்புறம், காகிதம் எல்லாமே ஓ'நீல் மாதிரி என்று ஒதுக்க வேண்டாம். பிரன்டான் ப்ரானாக் 1963-இல் வெளியிட்ட ஐரிஷ் நடன மெட்டுத் தொகுப்பின் முதல் பாகத்தைப் பாருங்கள். எந்த மெட்டு யாரிடமிருந்து கிடைத்தது என்று குறித்திருப்பார். யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் நொட்டேஷனையே பாதி கேட்டது மாதிரி.

வில்லும்கையும்:
நன்றி சார். சொன்னபடி திறந்த தந்தியைப் பிடித்தேன். என் நகல் கிட்டத்தட்ட 'ஈ ஃப்ளாட்'டில் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் அரை ஸ்வரம் இறக்கி, வேகத்தைப் பாதியாக்கி, முதல் எட்டு பாரை (தாளக் கட்டம்) மட்டும் எழுதப் போனேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. ரோல் (ஒரு ஸ்வரத்தைச் சுற்றி வேகமாக வரும் அலங்காரம்) வரும் இடத்தில் ஐந்து ஸ்வரமா, மூன்றா என்று முப்பது தடவை கேட்டும் பிடிபடவில்லை. கடைசியில் பெரிய தாளில் டவ், ஓ'நீல், கோல்மன் முதல் சுற்று, கோல்மன் திரும்பி வரும் சுற்று என்று நாலு வரி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிட்டேன். இனி அதைப் பார்த்துத்தான் பழகப் போகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஆக, தட்டையும் கடைசியில் காகிதத்தில்தான் எழுதினீர்கள்.

பழையதட்டு:
அந்த ரோலை எழுத முடிந்ததா என்று கேளுங்கள் அவரை.