கண்ணாடியை அழுத்திய சிறுமி

சிராங்கூன்வாசி:
சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இசை ஆசிரியை நான். நான்காம் வகுப்பு, இருவருக்கு ஒரு டேப்லெட், அதில் குஜெங் செயலி. குஜெங் என்பது படுக்கவைத்து மீட்டும் சீனத் தந்தி வாத்தியம். ஐந்து சுரம்தானே, மோகனம் என்று நினைத்து ‘ச ரி க ப த’ பாடியும் காட்டிவிட்டேன். எல்லாரும் திரையை வழித்து அருவி மாதிரி சுரங்களைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் வலக்கையால் ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, இடக்கை விரல்களைச் சேர்த்து, தந்தியைத் தாங்கும் குதிரைக்கு இடப்புறம் கண்ணாடியை அழுத்தினாள். சுரம் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள், நகம் வெளுத்தது. வீட்டில் அசல் வாத்தியம் கற்கிறாளாம். “டீச்சர், இது கெட்டுப்போயிருக்கிறது” என்றாள். “இது அப்படித்தான்” என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

தோக்கியோ அப்பா:
இங்கே 2002 முதல் நடுநிலைப் பள்ளியில் ஜப்பானிய வாத்தியம் ஒன்றையாவது பழக வேண்டும். மகன் வகுப்பில் கோத்தோ, அதாவது குஜெங் போன்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம், எல்லாருக்கும் போதாது. காத்திருப்பவர்களுக்கு டேப்லெட் கோத்தோ. பெற்றோர் பார்க்கும் நாளில் போயிருந்தேன். விரலில் மாட்டும் மீட்டு நகத்தோடே திரையைத் தொட்டான். டக், டக். கண்ணாடிச் சத்தம்தான். கழற்றிவிட்டு வாசித்தான். முறை வந்ததும் மாட்ட மறந்து, வெறும் விரலால் அசல் தந்தியை இழுத்து “ஆ!” என்றான்.

பழைய வயலின்:
சிராங்கூன்வாசி அவர்களே, ஐந்து சுரம் ஒத்துப்போனால் மோகனமா? சுரத்தை அசைக்கும் கமகம் எங்கே? அந்தப் பிள்ளை தேடியதும் ஏறக்குறைய அதைத்தான். குஜெங்கின் 21 தந்திகளும் ஐந்து சுரத்துக்கே கூட்டப்படுகின்றன. காந்தாரத் (க) தந்தியை அழுத்தினால்தான் மத்யமம் (ம), தைவதத்தை (த) அழுத்தினால்தான் நிஷாதம் (நி). பலகையில் மீன்பிடி நரம்பை இறுகக் கட்டி, நடுவே பென்சில் துண்டைக் குதிரையாக நிறுத்துங்கள். ஒருபுறம் மீட்டி மறுபுறம் அழுத்தட்டும், செலவே இல்லை. புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். தட்டிய பிறகு தாமதித்து ஒலிக்கும், தாளம் கெடும். கம்பி வைத்ததை வாங்குங்கள். திரையை வாரம் ஒருமுறை துடையுங்கள். என் அனுபவமா? எர்ஹூ என்ற சீன இருதந்தி வில் வாத்தியத்தை ஒரே முறை தொட்டேன். வில் இரண்டு தந்திகளுக்கும் நடுவே இருப்பதுதான் அதன் அமைப்பு என்று தெரியாமல் வெளியே உருவப் பார்த்தேன். கடைக்காரர் ஓடி வந்தார்.

சிராங்கூன்வாசி:
ஹெட்போன் பற்றி நான் கேட்கவில்லை, ஐயா. மோகனத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அவளுடைய வாத்தியத்தையே கொண்டுவரச் சொல்லலாமென்றால் அது ஐந்தடிக்கு மேல். பள்ளி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மீன்பிடி நரம்பு வாங்கியிருக்கிறேன்.