நனைஞ்ச விறகு, நடுங்குற குளிர்: கேம்ப் ஃபயர் எப்படிப் பத்தவைக்கிறது?

தூறல்:

வணக்கம் நண்பர்களே. நண்பர்களோட மலைக்காட்டுல கூடாரம் போட்டுத் தங்கப் போறோம். தீ மூட்ட அனுமதி உள்ள இடம்தான், கீழ விழுந்து கிடக்கிற விறகைப் பொறுக்கிக்கலாம்னும் சொல்லிட்டாங்க. வானிலைதான் சரியில்ல. ராத்திரி 2, 3 டிகிரி, பகல்ல விட்டுவிட்டுத் தூறல்.

கோடைல எங்களுக்கு நெருப்பு ஒரு விஷயமே இல்ல. ஈரத்துலதான் இழுக்குது. காகிதம் ஜோரா எரியும், மேல வச்ச சுள்ளி உஸ்ஸுனு சீறும், புகையும், அவ்வளவுதான். கண்ணெரிச்சல் மட்டும் மிச்சம். கையில ஒரு சாதாரண லைட்டர், சின்னக் கைக்கோடரி, கத்தி இருக்கு. "ஒரு பாட்டில் பெட்ரோல் எடுத்துக்கிட்டா வேலை முடிஞ்சது"ன்னு கூட வர்ற ஒருத்தன் அடம் பிடிக்கிறான். ஈர விறகு எரியவே எரியாதா? இல்ல நாங்க அடுக்குற விதத்துல கோளாறா?

சோம்பேறிச் சித்தன்:

கடையில மெழுகும் மரத்தூளும் கலந்த தீமூட்டிக் கட்டி கிடைக்கும். நாலஞ்சு எடுத்துப் பையில போடுங்க. எதுக்கு இவ்வளவு யோசனை?

ஊதாங்குழல்:

சித்தன் சொன்ன கட்டி நல்லதுதான், எடுத்துக்குங்க. ஆனா அது எரியற பத்து நிமிஷத்துக்குள்ள பிடிக்கிற மாதிரி விறகு பக்கத்துல இல்லேன்னா, கட்டி எரிஞ்சு முடிஞ்சதும் பழைய கதைதான்.

பெட்ரோலை முதல்ல மறந்துடுங்க. எரியறது அந்தத் திரவம் இல்ல, அதோட ஆவி. மைனஸ் 40 டிகிரி பக்கத்துலகூடத் தீப்பிடிக்கிற அளவுக்கு அதுலேர்ந்து ஆவி கிளம்பும், அதனால குளிர்ல ஆபத்து குறைவுன்னு நினைக்க வேண்டாம். காற்றைவிடக் கனமான ஆவி வேற. ஊத்திட்டு லைட்டரைத் தேடுற நேரத்துல தரையோட தரையா உங்க கால்வரைக்கும் வந்திருக்கும். சரி, ஒண்ணும் ஆகலைன்னே வச்சுக்குங்க. குப்புனு எரிஞ்சு பெட்ரோல் தீர்ந்துடும், விறகுக்குள்ள இருக்கிற ஈரம் அப்படியே உக்காந்திருக்கும். ஆபத்துக்கு ஆபத்து, பிரயோஜனமும் இல்ல. அந்த நண்பரை விறகு பிளக்க விடுங்க.

இனி உங்க கேள்வி. ஈர விறகு எரியும். சின்னத் தீயால அதை எரிக்க முடியாது, அதுதான் சிக்கல். 5 டிகிரில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணிய 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 400 கிலோஜூல் போதும். அதையே மொத்தமா ஆவியாக்க மேற்கொண்டு 2,260 கிலோஜூல் வேணும். அதாவது கொதிக்க வைக்கிறதைப்போல அஞ்சு மடங்குக்கு மேல. விறகுல எந்த இடத்துல தண்ணி நிக்குதோ அந்த இடம் 100 டிகிரியிலயே நின்னுடும். மரம் எரியுற வாயுவைத் தாராளமா வெளியவிட 250, 300 டிகிரி ஆகணும். உங்க காகிதத்தோட சூடு பூராவும் தண்ணிய விரட்டுறதுலயே தீர்ந்துபோகுது, அந்த உஸ்ஸு சத்தம் அதுதான்.

ஆனா ஒரு கிலோ காய்ஞ்ச மரம் எரிஞ்சா 18,000 கிலோஜூல் பக்கம் தரும். பாதி எடை தண்ணியா இருக்கிற பச்சை விறகுகூடக் கணக்குப் பார்த்தா லாபம்தான். தொழில் ஆரம்பிக்க முதல் இல்ல, அவ்வளவுதான் பிரச்சினை. அந்த முதலை உள்ளங்கையளவு காய்ஞ்ச மரத்துலேர்ந்து உண்டாக்கணும்.

காய்ஞ்ச மரம் எங்க இருக்கு? நனைஞ்ச கட்டைக்குள்ளயே இருக்கு. இதை நிறையப் பேர் நம்ப மாட்டாங்க. பச்சை விறகு வேற, மழைல நனைஞ்ச விறகு வேற. பச்சை மரத்துல தண்ணி நார் நாரா உள்ளுக்குள்ள இருக்கும். பட்டுப்போய்க் காய்ஞ்ச கிளை தூறல்ல நனைஞ்சா பட்டையும் மேல்தோலும்தான் ஈரம், உள்ள மொறுமொறுன்னு இருக்கும். அதனால பொறுக்குற இடம் முக்கியம். மண்ணைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கிற கட்டையை விட்டுடுங்க, அது கீழேயிருந்து மாசக்கணக்கா ஈரம் குடிச்சிருக்கும். விழுந்தும் தரைக்கு வராம புதர் மேலயோ, பாறை மேலயோ, இன்னொரு கிளையிலயோ மாட்டிக்கிட்டு நிக்கிறதை எடுங்க. உடைச்சுப் பாருங்க. படக்குனு முறிஞ்சா நம்ம விறகு. வளைஞ்சு நார் கிழிஞ்சா போட்டுட்டு நடங்க. விரல் குளிர்ல மரத்துப்போச்சுன்னா ஈரம் தெரியாது, அப்ப உடைஞ்ச பக்கத்தைக் கன்னத்துல வையுங்க, சில்லுனு இருந்தா ஈரம்.

மணிக்கட்டுக் கனத்துல நேரான கட்டையா, கணு இல்லாததா நாலஞ்சு தேர்ந்தெடுத்து முழ நீளத்துக்கு வெட்டிப் பிளங்க. கோடரியை ஓங்கி வீச வேண்டாம், அதுவும் குளிர்ல விறைச்ச கையால கூடவே கூடாது. கோடரி வாயைக் கட்டையோட தலையில வச்சு, இன்னொரு தடிக்கட்டையால அதைத் தட்டி இறக்குங்க. நாலாகப் பிளந்ததும் உட்பக்கம் வெளுப்பா, காய்ஞ்சு தெரியும். பட்டையைச் சீவி எறிஞ்சிடுங்க, ஈரம் அதுலதான்.

பிறகு சீவல். பிளந்த குச்சியோட ஒரு விளிம்புல கத்தியைப் படுக்க வச்சு மேலிருந்து கீழ இழுங்க. சீவல் சுருண்டு வரும், அறுந்து விழறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. அடுத்தது அதுக்குப் பக்கத்துல. குச்சி நுனியில சுருள் சுருளா ஒரு கொத்து நிக்கும். மெலிசா இருந்தா லைட்டர் சுடர் பட்டதுமே பிடிக்கும். இந்த மாதிரி அஞ்சாறு குச்சி செஞ்சா காகிதமே தேவையில்ல. எனக்குக் காகிதத்து மேல பெரிய மரியாதை கிடையாது, ஈரக் காற்றுல அதுவே நமுத்துப்போகும், எரிஞ்ச சாம்பல் வேற மேல படிஞ்சு காற்றை அடைக்கும். பஞ்சு உருண்டைல பெட்ரோலியம் ஜெல்லியைப் பிசைஞ்சு சின்ன டப்பால எடுத்துக்குங்க, ஒரு உருண்டை சில நிமிஷம் நின்னு எரியும். மெழுகுவர்த்தித் துண்டும் ஆகும். கற்பூரம் சட்டுனு பிடிக்கும், அதே வேகத்துல தீர்ந்தும்போகும், சீவலுக்கு அடியில வச்சா சரி.

மீதி விறகை மூணு ரகமாப் பிரிச்சு வையுங்க: தீக்குச்சி கனம், பென்சில் கனம், கட்டைவிரல் கனம். முதல் ரகம் ரெண்டு கையாலயும் அள்ளுற அளவு, அடுத்த ரெண்டும் ஆளுக்கொரு கை நிறைய. போதும்னு தோணினதுக்கப்புறம் இன்னொரு மடங்கு சேருங்க. தார்ப்பாய்க்கு அடியில இருக்கட்டும், மெல்லிசுச் சுள்ளியைச் சட்டைக்குள்ளகூடப் போட்டுக்கலாம். இவ்வளவும் முடியற வரைக்கும் லைட்டரைத் தொடாதீங்க. தீ வச்சுட்டுச் சுள்ளி தேடிப் போனவங்க திரும்பி வந்து பார்த்தா புகைதான் இருக்கும். ஒரு மணி நேரம் இந்த வேலைக்கு ஆகட்டும், உடம்பும் சூடாகும். விரல் சொன்னபடி கேட்கிறப்பவே, வெளிச்சம் இருக்கிறப்பவே செஞ்சிடணும்.

பத்தவைக்கிறது சீக்கிரம் முடிஞ்சிடும். ஈர மண்ணுல கட்டைவிரல் கனக் குச்சிகளை நெருக்கமாப் பரப்பி ஒரு மேடை. குறுக்கே ஒரு கனமான கட்டை. அது மேல சீவல் குச்சிகளைச் சாய்ச்சு வையுங்க, சீவல் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். காற்று வர்ற பக்கம் முதுகைக் காட்டி உக்காந்து அடியில சுடரைக் காட்டுங்க. மெலிசு நல்லாப் பிடிச்சு, சுடர் குச்சிகளுக்கு மேல எட்டிப் பார்த்ததும்தான் பென்சில் கனம். ஆசைல மொத்தமா அமுக்கிடாதீங்க, நெருப்புக்கு இடைவெளியும் வேணும். ஊதுறதா இருந்தா அடியில கங்கைப் பார்த்து நீளமா, மெதுவா. சுடர்மேல புஸ்ஸுனு ஊதினா அணைஞ்சிடும்.

கிளம்பினப்புறம் நனைஞ்ச கட்டைகளைச் சுத்தி அடுக்கி ஆவி போக விடுங்க. அடுத்த சுற்று விறகு அங்கேயே தயாராகும்.

வெண்பனி:

ஊதாங்குழல் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

லைட்டரைப் பையில் வைக்காதீர்கள், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். சாதாரண லைட்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 0.5 டிகிரி. உறைநிலைக்கு அருகில் அது வாயுவாக மாறத் தயங்கும், பொறி வந்தாலும் சுடர் வராது. மாற்றாக ஃபெரோ கம்பி ஒன்று வைத்திருங்கள். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-ல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை அது. தண்ணீரில் விழுந்தாலும் துடைத்துவிட்டுச் சுரண்டினால் பொறி பறக்கும். பொறியின் சூடு 3,000 டிகிரி வரை போகும் என்றாலும் அது கண நேரம்தான். குச்சி பிடிக்காது. பஞ்சு உருண்டையைப் பிய்த்துப் பஞ்சுபஞ்சாக்கி அதன்மேல் விழச் செய்ய வேண்டும். வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள்.

அடுத்தது பனி கிடக்கும் இடமானால். கிளைகளில் பனி சுமந்து நிற்கும் மரத்தடியில் மூட்டாதீர்கள். அனல் மேலே ஏறினால் மொத்தப் பனியும் நெருப்பின்மேல் விழும். தரையில் பனி ஆழமாக இருந்தால் மேடைக்குச் சுள்ளி போதாது, கை பருமன் கட்டைகள் வேண்டும். இல்லையென்றால் நெருப்பு தனக்குத்தானே குழி உருக்கி அதில் இறங்கிவிடும். பிர்ச் மரம் உள்ள காடு என்றால் விழுந்து கிடக்கும் மரத்தின் பட்டையை உரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை உள்ளது, ஈரத்திலும் எரியும். பட்டுப்போன பைன் மரத்தில் பிசின் ஊறிச் சிவந்த பகுதியும் அப்படியே.

தூறல்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பெட்ரோல் ஆளுக்கு இந்தப் பதிலை அனுப்பிட்டேன், பதிலே காணோம்! இன்னும் ரெண்டு சந்தேகம். ஆத்துப் பக்கத்துல உருண்டைக் கல்லு நிறைய இருக்கும், சுத்தி அடுக்கலாமா? ராத்திரி தூங்கறப்ப கொஞ்சம் கங்கை ஒரு சட்டியில வாரிக் கூடாரத்துக்குள்ள வச்சுக்கலாமா?

ஊதாங்குழல்:

கல்லு வேண்டாம். தண்ணில கிடந்த கல்லோட விரிசல்ல ஈரம் புகுந்திருக்கும். சூடு ஏறினா அது ஆவியாகி வெளிய வர வழியில்லாம கல்லை வெடிக்க வச்சுடும், சில்லு முகத்துக்கு வரும். தண்ணிலேர்ந்து தள்ளி, மேட்டுல காய்ஞ்சு கிடக்கிற கல்லா இருந்தா பரவாயில்ல. என்னைக் கேட்டா கல் வட்டமே அவசியமில்ல, பச்சைக் கட்டை ரெண்டை ரெண்டு பக்கமும் கிடத்தினா போதும்.

கங்கைக் கூடாரத்துக்குள்ள கொண்டுபோகவே கூடாது. சட்டி, வாளி, மூடி போட்டது, எதுவும் வேண்டாம். புகை இல்லையேன்னு நினைப்பீங்க. தணல்லேர்ந்து கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டே இருக்கும், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி வரும், தூக்கம் சொக்கும், தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. கூடாரக் கதவைத் திறந்து வச்சாலும் நம்ப முடியாது. சூடு வேணும்னா இறுக்க மூடுற உலோகப் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, காலுறைக்குள்ள போட்டுத் தூக்கப் பைக்குள்ள வச்சுக்குங்க.

தூங்கப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கிளறுங்க, மறுபடி ஊத்துங்க. புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்ட கொண்டுபோங்க, சூடே தெரியாத வரைக்கும் விடாதீங்க. மழைதான் பெய்யுதேன்னு விட்டுட்டுப் போகாதீங்க. அணைக்கிறதுக்கு முன்னாடி காலைக்கு வேண்டிய சீவல் குச்சியும் சுள்ளியும் தீக்கிட்ட காய வச்சு எடுத்து, பிளாஸ்டிக் பையில கட்டிக் கூடாரத்துக்குள்ள போட்டுடுங்க.