வெள்ள அபாய வரைபடம்: மேட்டு நிலம் ஏன் சிவப்பாக வருகிறது?

வணக்கம் நண்பர்களே. 30 மீட்டர் கட்டங்களாலான எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடார் அளந்த) நில உயரத் தரவை வைத்து, கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில், காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை தரும் ஏஎச்பி முறைப்படி வெள்ள அபாய வரைபடம் தயாராகிறது. காரணிகள் 7: உயரம், சரிவு, ஆற்றிலிருந்து தூரம், வடிகால் அடர்த்தி, நில ஈரக் குறியீடு (ஓரிடத்தில் நீர் எவ்வளவு தேங்கக்கூடும் என்று காட்டும் எண்), மழை, நிலப் பயன்பாடு. ஒப்பீட்டு அணியின் (மேட்ரிக்ஸ்) முரண் விகிதம் 0.06, வரம்பான 0.1-க்குள்தான். ஆனாலும் ஆற்றுக்கு வெகு உயரே உள்ள சமதள மேடுகள் 'மிக அதிக அபாயம்' என்று சிவப்பாக வருகின்றன. தாழ்வான குடியிருப்புகள் பின்னுக்குப் போய்விடுவதுதான் கவலை.

ஈரக் குறியீட்டின் சூத்திரத்திலேயே சரிவு இருக்கிறது. எனவே சமதளம் என்ற ஒரே பண்புக்கு இருமுறை மதிப்பெண் விழுவதாகத் தோன்றுகிறது. முரண் விகிதம் இந்தச் சார்பைக் காட்டாது. ஒப்பீடுகள் தமக்குள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். தரவில் உள்ள போலிப் பள்ளங்களை நிரப்பியாயிற்று. சூத்திரத்தில் சரிவால் வகுக்க வேண்டியிருப்பதால், சரிவு 0 உள்ள கட்டங்களுக்கு 0.001 கொடுத்தாயிற்று.

கடல்மட்ட உயரத்துக்குப் பதில், அருகிலுள்ள ஓடைக்கு மேல் எத்தனை மீட்டர் என்பதைக் காரணியாக வைத்தால் சரியாகுமா? அப்படியானால் ஓடை எங்கே தொடங்குகிறது என்பதற்கான நீர்திரள் பரப்பின் (மேலிருந்து நீர் வந்து சேரும் நிலத்தின்) வரம்பை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

சரிபார்ப்புக்கு சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் உள்ளன. கட்டடங்களுக்கிடையே தேங்கும் நீரை அவை பெரும்பாலும் தவறவிடுவதால், நகர்ப்பகுதிக்கு வேறு எந்தச் சான்றை எடுக்கலாம்?