கோலாலம்பூரில் முதல் நாள்: அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது?

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோலாலம்பூர் வருகிறோம். நான், மனைவி, 68 வயதான அம்மா, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்து வயது மகன். எங்களில் யாரும் இதற்கு முன் வெளிநாடு போனதில்லை. திருச்சியிலிருந்து இரவு விமானம், விடியற்காலையில் அங்கே இறங்குவோம். விடுதி பிரிக்ஃபீல்ட்ஸில், கே.எல். (கோலாலம்பூர்) சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில்.

முதல் நாளுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. காலையில் பத்துமலை, அங்கிருந்து இரட்டைக் கோபுரத்தின் பாலம், மதியம் கே.எல். கோபுரமும் பறவைப் பூங்காவும், மாலையில் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, இரவு பெட்டாலிங் தெரு. இவ்வளவும் ஒரே நாளில் முடியுமா என்று மனைவிக்குச் சந்தேகம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் அவர் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே பத்துமலை முருகனுக்காகத்தான். எங்கள் தெருவில் மலேயாவில் தோட்ட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டி இருந்தார். அவர் வாயால் பத்துமலையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அதனால்தான் முதல் இடமாக அதை வைத்தேன். அங்கேயே வாழ்பவர்கள் சொன்னால் தைரியமாக இருக்கும். விமான நிலையத்திலிருந்து ரயிலா, காரா என்பதையும் சொல்லுங்கள்.

ஈப்போ ரோடு ராஜா:

நண்பரே, வாருங்கள். பத்துமலையை முதலில் வைத்ததை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் முருகனைக் கும்பிட்ட பிறகுதான் வேறு இடம். விமான நிலையத்திலிருந்து காரில் நேராகப் போய்விடலாம். அம்மா ஆசைப்பட்டு வருகிறார், அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். மற்ற இடங்களில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் ஆசிரியை:

தம்பி, நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியவை எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் பத்துமலை நகரத்துக்கு வடக்கே இருக்கிறது, புத்ராஜெயா தெற்கே 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரவெல்லாம் தூங்காத ஐந்து பேர் இந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்தால், பார்த்ததைவிட காருக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

நான் சொல்வது இதுதான்: முதல் நாள் முழுவதையும் ஒரே ரயில் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் பசார் செனி. அதற்கடுத்து மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, ஐந்தாவதாக கே.எல்.சி.சி. இந்த ஊர் எங்கே பிறந்தது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதெல்லாம் இந்தச் சிறிய தூரத்துக்குள் அடங்கிவிடும். யாருக்காவது முடியவில்லையா, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விடுதிக்கு வந்துவிடலாம். வயதானவரும் குழந்தையும் உடன் வரும்போது இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

காலையில் வெளியே எங்கும் போக வேண்டாம். விடுதியில் அறை மதியத்துக்கு மேல்தான் தருவார்கள். பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவிலேயே இட்லியோ தோசையோ சாப்பிட்டு, பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடங்கள். மதியம் வாழை இலைச் சாப்பாடு. அறை கிடைத்ததும் எல்லோரும் ஒரு தூக்கம் போடுங்கள். பகல் வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் கடிகாரம் உங்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்றாலும், இங்கே காலை ஏழு மணியளவில்தான் விடியும், மாலை ஏழு மணி தாண்டித்தான் இருட்டும். மூன்றரை மணிக்குக் கிளம்பினாலும் உங்களுக்கு முழு மாலை மிச்சம் இருக்கும்.

முதலில் பசார் செனியில் இறங்குங்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், துன் எச்.எஸ். லீ சாலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்காக நான் சொல்ல வந்ததே இதைத்தான். 1873இல் தம்புசாமிப் பிள்ளை அமைத்த கோயில் அது. பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் கண்டவரும் அவரே. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. ஆண்டுதோறும் முருகன் வள்ளி தெய்வானையோடு வெள்ளி ரதத்தில் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த மாரியம்மன் கோயில் வாசலிலிருந்துதான். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம் ஊரே பின்னால் நடக்கும். ஆகையால் ராஜா ஐயா சொல்கிற முறைக்கும் இதில் குறை வராது. அம்மா முதல் நாள் ரதம் புறப்படுகிற வாசலில் கும்பிடட்டும், மறுநாள் விடிந்ததும் அது போய்ச் சேருகிற மலைக்குப் போகட்டும். இங்கே மலையேறும் வேலை இல்லை. ஐந்து நிலைக் கோபுரத்துக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு நேராக உள்ளே போகலாம்.

மாலை நான்கு மணிவாக்கில் இங்கே மழை கொட்டுவது சாதாரணம். இடியோடு வரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். அந்த நேரத்துக்கு சென்ட்ரல் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. 1888இல் காய்கறி, மீன் சந்தையாகத் தொடங்கிய இடம் அது. இப்போது பாத்தேக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்கிறார்கள். வாங்காவிட்டாலும் சுற்றிப் பார்க்கலாம்.

மழை விட்டதும் மஸ்ஜித் ஜாமெக். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில், தென்னை மரங்களுக்கு நடுவே அந்தப் பள்ளிவாசல் நிற்கிறது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து 1909இல் திறக்கப்பட்டது. 1857இல் ஈயம் தேடி ஆற்றுவழியே வந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கரையேறியது இந்தக் கூடலில்தான். கோலாலம்பூருக்கு இதுதான் பிறந்த இடம். பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நின்று இதைச் சொல்லுங்கள். ஆற்றோர நடைபாதையில் அம்மா உட்காரவும் இடம் இருக்கும்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். எதிரே 1897இல் கட்டிய சுல்தான் அப்துல் சமாது மாளிகை, செம்புக் குவிமாடங்களும் மணிக்கூண்டும் கொண்டது. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி எங்கள் கொடி ஏறியது இந்தத் திடலில். என் அப்பா அப்போது செந்தூல் ரயில்வே பட்டறையில் இளம் தொழிலாளி. நண்பர்களோடு செந்தூலிலிருந்து நடந்தே வந்து கூட்டத்தில் நின்றதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் இங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் சேர்ந்து நின்று ஒரு நாடு பிறப்பதைப் பார்த்த திடல் அது, அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

இருட்டத் தொடங்கும்போது மஸ்ஜித் ஜாமெக்கில் மறுபடி ரயிலேறி கே.எல்.சி.சி.யில் இறங்குங்கள். நிலையத்திலிருந்தே கடைத்தொகுதிக்குள் போய் மறுபக்கம் பூங்காவில் வெளியே வரலாம். இரட்டைக் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். 452 மீட்டர், 88 மாடி. 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயரமான கட்டடங்கள் அவைதான். இரவு எட்டு மணிக்கு மேல் குளத்தில் விளக்கும் இசையுமாக நீரூற்று ஆடும், அதற்குக் கட்டணம் இல்லை. 41, 42ஆம் மாடிகளுக்கு இடையே இருக்கும் பாலத்துக்கு முன்பதிவு செய்து வேறொரு நாள் போங்கள்.

மற்றவை எதையும் முதல் நாளில் தொடாதீர்கள்.

கிள்ளான் மலர்:

அண்ணா, டீச்சர் சொன்னதற்கு மேல் இடங்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் அவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த எல்.ஆர்.டி. ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். பசார் செனி வரை மேம்பாலத்தில் ஓடும் ரயில் அதைத் தாண்டியதும் அப்படியே சரிந்து நிலத்துக்குள் இறங்கும். என் மகனுக்கு இரட்டைக் கோபுரத்தைவிட அதுதான் பிடித்தது. டிக்கெட் என்பது நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது தொட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். சின்னவன் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து வரும் விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து செயலியில் ஒரு பெரிய கார் எடுப்பதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

அம்மா சைவம் என்றால் கடையில் கேட்டுச் சாப்பிடுங்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலிக் கருவாடு இருக்கும், சம்பலில் பெலாச்சான் சேர்ப்பார்கள், அது இறால் விழுது. காய்கறி மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) கேட்டாலும் முட்டை வந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் சைவக் கடைகள் தனியாகவே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எந்த மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையிலும் ரொட்டி சானாய் கிடைக்கும், நம் பரோட்டாவுக்கு நெருங்கிய உறவு.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரதம் புறப்படும் கோயில் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதே இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பழைய திட்டத்தை எடுத்துவிட்டோம். இப்போது மறுநாள் பற்றித்தான் கேள்வி. 272 படி அம்மாவால் ஏற முடியுமா? முடியாவிட்டால் கீழேயே நின்று கும்பிட வழி இருக்கிறதா? பத்துமலைக்கும் ரயிலிலேயே போகலாமா?

ஈப்போ ரோடு ராஜா:

ஆசிரியை சொன்ன கோயில் யோசனை எனக்குத் தோன்றவில்லை. சரியான வழி அது. நான் சொன்னதை விட்டுவிடுங்கள், நண்பரே.

செந்தூல் ஆசிரியை:

ரயிலிலேயே போகலாம் தம்பி. கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொமுட்டர், கடைசி நிலையம் பத்துமலை. 2010இலிருந்து அந்தச் சேவை இருக்கிறது. எல்.ஆர்.டி. போல அடிக்கடி வராது, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். முதல் நாள் மாலையே நிலையத்தில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் செந்தூல் வரும். அந்தப் பட்டறை மூடப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் அங்கே எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கைகளில் எத்தனையோ தமிழ்க் கைகள் உண்டு. ரயில் செந்தூலில் நிற்கும்போது அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டி தோட்டத்துக்கு வந்த காலத்தில் தமிழர் தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை, தண்டவாளத்துக்கும் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

பத்துமலை நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் பச்சை நிற ஆஞ்சநேயர் நிற்பார். அவரைத் தாண்டி அடிவாரச் சன்னதிகள், அதன் பிறகு முருகன் சிலை. 42.7 மீட்டர் உயரம், 2006 ஜனவரியில் திறந்தார்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அடிவாரத்திலேயே நிம்மதியாகக் கும்பிடலாம். மருமகள் அவரோடு இருக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு மேலே போய்த் திருநீறு கொண்டுவாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஏறியே தீருவேன் என்றால் எட்டு மணிக்கு முன்பே தொடங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் படிக்கட்டில் நிழல் கிடையாது. ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறச் சொல்லுங்கள். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம், அவருக்கு முன்னால் ஒரு படி கீழே நீங்கள் நடங்கள். வேலாயுதர் சன்னதி குகைக்குள் போனதும் வந்துவிடும். அதற்கும் உள்ளே இன்னும் சில படிகள் உண்டு, அவற்றை அம்மா ஏறத் தேவையில்லை.

குரங்குகள் பொல்லாதவை. கையில் பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம். தேங்காய் பழத்தைத் துணிப் பையில் போட்டு மூடிக்கொள்ளுங்கள். மகளுக்கு முழங்காலை மறைக்கிற உடுப்பு போடுங்கள், வாசலில் பார்ப்பார்கள்.

இரட்டைக் கோபுரப் பாலத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீங்கள் என்ன கிழமை இறங்குகிறீர்கள் என்று எழுதுங்கள், மீதி நாள்களை அதற்குத் தகுந்தபடி பிரித்துச் சொல்கிறேன்.